கரடி உடைத்த கதவு

ஆளற்ற காட்டில் தனித்து நிற்கும் குடும்ப மரக்குடில் ஒன்றைக் கரடி உடைத்துப் பாழாக்கும்போது, அதன் உரிமையாளர் அடைவது வெறும் இழப்பா அல்லது அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியா என்ற வினா, மேலோட்டமாக நோக்குவோர்க்குச் சொல்லாடலாகவே தோன்றக்கூடும். புயலில் கூரை பறந்தால் அது இழப்பு. திருடன் பூட்டை உடைத்தால் அது அநீதி. முன்னதில் மனிதர் வருந்துகின்றனர். பின்னதில் வருந்துவதோடு சினமும் கொண்டு, ஈடு கேட்கவும் தண்டனை கோரவும் தமக்கு உரிமை உண்டு என்று கருதுகின்றனர். கரடியோ இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. காற்றைப் போல அது நோக்கமின்றி வந்து மோதுவதில்லை. உள்ளே உணவு இருப்பதை மோப்பத்தால் அறிந்து, சுவரில் வலுக்குறைந்த இடம் எது என்று தேடி, ஒருமுறை பலன் கிடைத்த இடத்தை நினைவில் வைத்து மறு ஆண்டும் வருகிறது. எனினும் திருடனைப் போல, பிறர் பொருள் என்று தெரிந்தும் எடுத்துக்கொள்ளும் குற்ற எண்ணம் அதற்கு இல்லை. நோக்கம் உண்டு, குற்றம் இல்லை என்னும் இந்த இடைநிலையே சமயச் சிந்தனையாளர்களும் மெய்யியலாரும் பல நூற்றாண்டுகளாக வெவ்வேறு வகையில் விடை தேடிய இடமாகும்.

இவ்வினா இன்று நடைமுறைச் சிக்கலாகவே எழும் நிலப்பகுதிகளுள் அமெரிக்காவின் அலாஸ்கா முதன்மையானது. அங்குச் சுமார் 30,000 பழுப்புக் கரடிகளும் ஏறத்தாழ 1,00,000 கருங்கரடிகளும் வாழ்வதாக மதிப்பிடப்படுகிறது. சாலை எட்டாத ஆற்றங்கரைகளிலும் ஏரிக்கரைகளிலும், படகிலோ நீரில் இறங்கும் சிறு விமானத்திலோ பனிக்காலத்தில் பனிவண்டியிலோ மட்டுமே சென்றடையக்கூடிய மரக்குடில்களைக் குடும்பங்கள் தலைமுறையாகப் பேணி வருகின்றன. ஆண்டின் பெரும்பகுதி அவை பூட்டிக் கிடக்கின்றன. கோடையின் பிற்பகுதி தொடங்கி இலையுதிர் காலம் வரை, குளிர்கால உறக்கத்துக்கான கொழுப்பைச் சேர்ப்பதற்காகக் கரடி நாளொன்றுக்கு 20,000 கலோரி வரை உண்ணக்கூடிய பெரும்பசிக்கு உள்ளாகிறது. காட்டுப் பழங்களோ ஆற்று சால்மன் மீன்களோ குறைந்த ஆண்டில் அந்தப் பசி குடிலின் கதவை வந்தடைகிறது. அவ்வாறு ஒரு கரடி தங்கிச் சென்ற குடிலின் உட்புறத்தில் எஞ்சுவன பெரும்பாலும் ஒரே வகையானவை: சட்டத்தோடு பெயர்ந்த ஜன்னல், கிழிந்த மெத்தையின் பஞ்சு, தரை முழுதும் கொட்டிய மாவும் அதில் பதிந்த பாதத் தடங்களும், கோரைப்பற்கள் துளைத்து உறிஞ்சப்பட்ட தகர டப்பாக்கள். உணவே அல்லாதவையும் தப்புவதில்லை. பனிவண்டியின் இருக்கை, சுவரின் நுரைக்காப்பு, எரிபொருள் வைத்த பிளாஸ்டிக் குடம் ஆகியவற்றைக் கரடி கடித்துக் குதறுகிறது. பெட்ரோலியப் பொருள்களின் வாடை அதை ஈர்க்கிறது. உரிமையாளரை மிகவும் புண்படுத்துவது உண்ணப்பட்ட பொருளைவிட, பயனின்றிக் குதறப்பட்ட பொருளே ஆகும். பசியை மன்னிக்க முடிகிற மனத்துக்கு, பாட்டன் கையால் இழைத்த மேசையை அது ஏன் புரட்டிப் போட்டது என்பது விளங்குவதில்லை.

அந்நிலையில் வாயில் முதலில் வருவது வசைதான். அந்த வசை தகுமா என்பதையே பதின்மூன்றாம் நூற்றாண்டின் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் தம் 'இறையியல் தொகுப்பு' என்னும் பெருநூலில் தனி வினாவாக எடுத்துக்கொண்டார் என்பது பலரை வியப்பில் ஆழ்த்தும். பகுத்தறிவு இல்லாத உயிரைச் சபிக்கலாமா என்று கேட்டு, அவர் இரண்டு வகையில் விடை அளிக்கிறார். நன்மையும் தீமையும் தனக்கு நேர்வதாக உணர்ந்து ஏற்கக்கூடியது பகுத்தறிவுள்ள உயிர் மட்டுமே என்பதால், விலங்கை விலங்கு என்ற அளவில் சபிப்பது வீண்செயல்; வீண்செயலாகையால் அது தகாது. அதை இறைவனின் படைப்பு என்ற அளவில் சபிப்பதோ, படைத்தவனையே பழிப்பதாகிவிடும். மனிதரின் தேவையோடு தொடர்புபடுத்தி ஒரு பொருளைச் சபிப்பதாகத் திருமறையில் வரும் இடங்களை அவர் வேறு வகையில் விளக்குகிறார். அங்கே சாபம் உண்மையில் மனிதரையே நோக்கியது என்பது அவர் கருத்து. இந்த வாதத்தில் கரடி காக்கப்படுவதற்குக் காரணம் அதன் மேன்மை அன்று, அதன் குறைபாடே என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். அக்குவினாஸ் விலங்குகளைக் கொல்வதைத் தடுக்கவில்லை. அவை மனிதரின் பயன்பாட்டுக்காக உள்ளன என்றே கருதினார். கொல்லலாம், வையக்கூடாது என்ற இந்த நிலைப்பாடு விந்தையாகத் தோன்றினாலும் அதன் உட்பொருள் ஆழமானது: கொலை தேவையிலிருந்து எழக்கூடும், ஆனால் வசை எப்போதும் ஒரு குற்றவாளியைக் கற்பித்துக்கொண்ட பிறகே எழுகிறது.

ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்குப் பின், ஆங்கில மெய்யியலாளர் பி. எஃப். ஸ்ட்ராசன் 1962இல் வெளியிட்ட 'சுதந்திரமும் மனக்கசப்பும்' என்ற கட்டுரையில், சமயச் சார்பே இல்லாமல் இதே எல்லையை வேறு கருவிகளால் வரைந்தார். மனிதர் ஒருவரோடு ஒருவர் கொள்ளும் நன்றி, மனக்கசப்பு, மன்னிப்பு போன்ற உணர்வுகளை அவர் எதிர்வினை மனப்பாங்குகள் என்றார். மற்றவர் நம்மிடம் நல்லெண்ணம் காட்டினாரா, தீயெண்ணம் காட்டினாரா என்பதற்கு நாம் தரும் பதிலே அவை. சிறு குழந்தையிடமோ மனநிலை பிறழ்ந்தவரிடமோ நாம் அத்தகைய உணர்வை நிறுத்திவைத்து, அவரை எவ்வாறு கையாள்வது, தடுப்பது, குணப்படுத்துவது என்று மட்டும் எண்ணுவதைப் புறநிலை மனப்பாங்கு என்று பிரித்தார். கரடி உடைத்த குடிலுக்கு இப்பகுப்பு உடனடியாகப் பொருந்துவது போலத் தோன்றுகிறது: கரடியிடம் கொள்ளத்தக்கது புறநிலை மனப்பாங்கு; மனக்கசப்பு என்பது இடம் மாறி விழுந்த உணர்வு. உரிமையாளர் வேலி போடலாம், கதவை வலுப்படுத்தலாம், தேவையெனில் சுடலாம். கறுவிக்கொண்டிருப்பதற்கு மட்டும் இடமில்லை.

ஐரோப்பிய வரலாற்றிலேயே இந்தத் தெளிவு நெடுங்காலம் நடைமுறைக்கு வரவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். குழந்தையைக் கொன்ற பன்றி 1386இல் பிரான்சின் ஃபலேஸ் நகரில் முறைப்படி விசாரிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டது. அக்கால நீதிமன்றங்களில் எலிகளுக்கும் பூச்சிகளுக்கும்கூட வழக்கறிஞர் அமர்த்தப்பட்டதுண்டு. அக்குவினாஸின் நூல் தோன்றி ஒரு நூற்றாண்டு கழிந்த பின்பும் இது நடந்தது என்பது, மக்களின் நீதியுணர்வு இறையியல் வாதங்களுக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை என்பதைக் காட்டுகிறது. இதெல்லாம் இருண்ட காலத்து மடமை என்று ஒதுக்குவோர், 2008இல் மாசிடோனியாவின் பிட்டோலா நகர நீதிமன்றம் தேன்கூடுகளை மீண்டும் மீண்டும் சூறையாடிய கரடியொன்றைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து, கரடிக்கு உரிமையாளர் இல்லை, அது காக்கப்பட்ட இனம் என்ற காரணத்தால் 1,40,000 டெனார் இழப்பீட்டை அரசே செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டதையும் நினைவில் கொள்வது நல்லது. கேலிக்குரியதாகத் தோன்றும் இத்தீர்ப்பின் உள்ளே ஒரு நேர்மையான தேவை இருக்கிறது. இழப்பு யாரோ ஒருவரின் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்பதே அது.

இந்தியச் சிந்தனை மரபு இவ்விடத்தைத் தனக்கே உரிய சொற்களால் கடந்து செல்கிறது. விலங்குப் பிறவி முன்வினையின் பயனை நுகர்வதற்கு உரியது, புதிய வினையை ஈட்டும் பொறுப்பு மானிடப் பிறவிக்கே உரியது என்ற கருத்து வேதாந்த நூல்களில் பரவலாகக் காணப்படுகிறது. இதன்படி கதவை உடைத்த கரடிக்குப் பாவம் ஒட்டுவதில்லை. ஆனால் அதைக் கண்டு சினந்தவருக்கு வினை உண்டு. அக்குவினாஸ் வகுத்த எல்லைக்கு இது நெருங்கி வந்தாலும், இங்கே கரடி கீழான பொருளாக இல்லாமல் ஒரே பயணத்தின் வேறொரு கட்டத்தில் உள்ள உயிராக நிற்கிறது என்பதே முக்கியமான வேறுபாடு.

நீதிமன்றத் தீர்ப்புகளை விடுத்தால், இதுவரை கண்ட விடைகள் அனைத்துக்கும் பொதுவான ஓர் அடிப்படை உண்டு: கரடி அறவாழ்வின் உறுப்பினர் அன்று என்பதே அது. அலாஸ்காவின் உள்நிலத்தில், யூக்கான், கொயுகுக் ஆறுகளின் கரையில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் கொயுகோன் மக்கள் இந்த அடிப்படையையே ஏற்பதில்லை. மானிடவியலாளர் ரிச்சர்ட் நெல்சன் அவர்களிடையே தங்கிக் கற்றவற்றை 1983இல் நூலாக வெளியிட்டார். அதன்படி, கொயுகோன் மரபில் விலங்குகள் தம்மைப் பற்றி மனிதர் பேசுவதைக் கேட்கின்றன, புரிந்துகொள்கின்றன, அவமதிப்பை மறப்பதில்லை. கரடிகளைப் பற்றிய விலக்குகள் இவற்றுள் மிகக் கடுமையானவை. வேட்டைக்குப் போவதாக வெளிப்படையாக அறிவிப்பதும், கொன்றபின் தற்பெருமை பேசுவதும் கூடாது. குகையில் ஏதோ தென்பட்டது என்பது போன்ற சுற்றுமொழியே தக்கது. கொல்லப்பட்ட கருங்கரடியின் ஆவி நடமாடாதிருக்க முதலில் பாதங்கள் அகற்றப்படும். கொன்றவர் ஏதேனும் விலக்கை மீறினாலும் அது கண்டுகொள்ளாதிருக்கக் கண்கள் கீறப்படும். வெளியார்க்கு அச்சத்தின் சடங்குகளாகத் தோன்றும் இவற்றில் ஓர் அறநெறி அடங்கியுள்ளது. கரடியோடு மனிதருக்கு உறவு உண்டு. உறவு உள்ள இடத்தில் தவறு நேர முடியும். ஆனால் தவறு நேர்ந்ததாகத் தெரியும்போது முதலில் தேடப்பட வேண்டிய இடம் மனிதரின் நடத்தையே.

கரடியோடு உறவு கொண்ட மற்றொரு மரபு, குற்றத்தை இரு பக்கமும் பகிர்கிறது. வடதுருவத்தைச் சூழ்ந்த நிலங்களில் வாழும் பல இனங்களிடையே கரடி வழிபாட்டுக் கூறுகள் வியக்கத்தக்க அளவில் ஒத்திருப்பதை மானிடவியலாளர் ஏ. இர்விங் ஹாலோவெல் 1926இலேயே விரிவாக எடுத்துக்காட்டினார். அவற்றுள் ஜப்பானின் வடபகுதியான ஹொக்கைடோவின் ஐனு மக்கள் கரடியை மலைத் தெய்வமாகக் கருதினர். அத்தெய்வம் உரோமமும் இறைச்சியும் கொண்ட உடலை அணிந்து மனிதரிடம் விருந்தினராக வருகிறது, மனிதர் அவ்வுடலைப் பெற்றுக்கொண்டு, காணிக்கைகளோடு அதன் ஆவியைத் தெய்வ உலகுக்கு வழியனுப்புகின்றனர் என்பது அவர்கள் நம்பிக்கை. இந்த ஏற்பாட்டில் தெய்வத்துக்கும் கடமை உண்டு. மனிதரைக் கொன்ற கரடி தீய தெய்வமாகக் கருதப்பட்டு, முறையான வழியனுப்புச் சிறப்பை இழந்தது. கடமை தவறிய தெய்வத்தோடு நேருக்கு நேர் வாதிட்டுக் கண்டிக்கும் உரிமையும் மனிதருக்கு இருந்தது. அக்குவினாஸ் வீண் என்று தள்ளிய கண்டனம், கேட்பவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை உள்ள இடத்தில் பொருளுடையதாகிறது. அது வசையிலிருந்து வேறுபட்டது என்பதையும் மறுக்க முடியாது. வாதிடுபவர் தம் பக்கக் கடமைகளை நிறைவேற்றியவராக இருக்க வேண்டும்.

அதே ஹொக்கைடோவில் 1915 டிசம்பரில் நிகழ்ந்தது, இத்தகைய ஆராய்ச்சிகள் எளிதில் மறந்துவிடும் ஒன்றை நினைவுறுத்துகிறது. சங்கெபெட்சு என்ற புதுக்குடியேற்றப் பகுதியில், நவம்பரில் முதலில் ஒரு வீட்டுக்கு வந்த பழுப்புக் கரடி சோளத்தை மட்டும் தின்றுவிட்டுச் சென்றது. சில வாரங்களில் அது வீடுகளுக்குள் புகுந்து ஏழு பேரைக் கொன்றது. இறந்தோருக்காக மக்கள் கூடியிருந்த இடத்துக்கே அது மறுபடி வந்தது. சோளத்துக்காக வந்த கரடியும் உயிர் கொன்ற கரடியும் ஒன்றே என்னும்போது, உணவு இழப்பைச் சிறிய செய்தியென்று பெருந்தன்மையோடு விட்டுவிடுவது எப்போதும் அறமாகிவிடாது. கரடியின் குற்றமின்மையைப் போற்றும் எந்தச் சிந்தனையும், அடுத்த வீட்டில் உறங்கும் குழந்தையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அநீதி என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டுமாயின், அதற்கு முன் உடைமை என்ற கருத்து நிலைநாட்டப்பட வேண்டும். ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக் 1689இல் வெளியிட்ட ஆட்சியியல் நூலில், பொதுவாகக் கிடக்கும் நிலத்தில் ஒருவர் தம் உழைப்பைக் கலக்கும்போது அது அவர் உடைமையாகிறது என்றும், பிறருக்கும் போதிய அளவு நல்லது எஞ்சியிருக்க வேண்டும் என்றும் வாதிட்டார். அமெரிக்காவின் 1862ஆம் ஆண்டுக் குடியேற்ற நிலச் சட்டம் ஏறத்தாழ இக்கருத்தின் சட்ட வடிவமே: வீடு கட்டி, ஐந்தாண்டு குடியிருந்து, பயிர் செய்தவருக்கு 160 ஏக்கர் வரை நிலம் உரிமையானது. பிற மாநிலங்களில் 1976இல் முடிவுற்ற அத்திட்டம் அலாஸ்காவில் 1986 வரை நீடித்தது. ஆனால் லாக் சொன்ன 'பிறர்' மனிதர் மட்டுமே. பழுப்புக் கரடிகள் தலைமுறை தலைமுறையாக முன்சென்றவற்றின் அடித்தடத்திலேயே அடி வைத்து நடப்பதால், சில ஆற்றங்கரைகளில் பாசித் தரையில் ஒவ்வோர் அடிக்கும் தனித்தனிக் குழி விழுந்த நீண்ட பாதைகள் காணப்படுகின்றன. நெடுநாள் பயன்பாடும் உழைப்பும் உரிமை தரும் என்றால், அந்தப் பாதையை மறித்து நிற்கும் குடிலைவிடப் பாதையே மூத்தது. இவ்வாதத்தால் கரடிக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட முடியாது. மனித உடைமை என்பது மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு, அதில் கையெழுத்திடாத உயிர் அதை மீறியதாகச் சொல்வது பொருந்தாது என்பது மட்டுமே இதனால் தெளிவாகிறது.

இந்தத் தெளிவை எதிர்பாராத இடத்தில் காணலாம். அலாஸ்காவின் வேட்டை விதிகளில், உயிரையோ உடைமையையோ காக்கும் பொருட்டு விலங்கைக் கொல்வதற்கு வேட்டைப் பருவமும் உரிமச் சீட்டும் இன்றியே இடமளிக்கும் பிரிவு ஒன்று உண்டு. அதன் நிபந்தனைகளைக் கூர்ந்து நோக்கினால், சட்ட வரைவாளர்கள் அறியாமலேயே ஓர் அறநூல் எழுதியிருப்பதை உணரலாம். கொல்ல வேண்டிய நிலை, விலங்கைத் துன்புறுத்தியோ தூண்டிவிட்டோ அதன் வாழிடத்தில் நியாயமற்று ஊடுருவியோ உண்டானதாக இருக்கக்கூடாது. குப்பையை முறையின்றிப் போட்டு வரவழைத்ததாகவும் இருக்கக்கூடாது. நடைமுறையில் இயலக்கூடிய பிற வழிகள் அனைத்தும் முன்னதாக முயலப்பட்டிருக்க வேண்டும். உடைமை என்பதிலும் எல்லாம் அடங்குவதில்லை: குடியிருப்பு, படகு, விமானம் போன்ற ஊர்திகள், வளர்ப்பு விலங்கு, பிழைப்புக்கு இன்றியமையாத மதிப்புமிக்க பொருள் ஆகியவையே அதில் சேரும். கொன்றபின் கரடியின் உடல் கொன்றவருக்கு உரியதாவதில்லை. நகங்கள் பிரியாத தோலையும் மண்டையோட்டையும் உரித்தெடுத்து அரசிடம் ஒப்படைத்து, 15 நாள்களுக்குள் எழுத்து வடிவில் அறிக்கை தர வேண்டும்.

சுட்டவர் முழங்கையளவு குருதியோடு மணிக்கணக்கில் உரித்து, அந்தக் கனத்த தோலைப் படகிலோ விமானத்திலோ ஏற்றி, தமக்குச் சிறிதும் உதவாத ஒன்றாக அலுவலகத்தில் வைத்துவிட்டு வர வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டின் உடனடி நோக்கம் ஏமாற்று வேட்டையைத் தடுப்பதே. ஆனால் அதன் விளைவு நோக்கத்தைவிடப் பெரியது. கரடிமேல் குற்றம் சாட்டப்படவில்லை, ஆகவே அதன் சாவு தண்டனை ஆகாது. கொன்றவருக்கு ஆதாயம் இல்லை, ஆகவே அது வேட்டையும் ஆகாது. எஞ்சுவது தேவை ஒன்றே. அந்தத் தேவை உண்மையானதா என்ற விசாரணையில் கூண்டில் நிறுத்தப்படுபவர் மனிதர்தான். கொயுகோன் முதியோர் தம் விலக்குகளால் அடைந்த அதே இடத்துக்கு, விலங்குகளின் ஆவியில் சிறிதும் நம்பிக்கையில்லாத ஒரு நவீன அரசு தன் படிவங்களின் வழியாக வந்து சேர்ந்திருக்கிறது.

கிறித்தவப் புனிதர் வரலாறுகள் வேறொரு கனவைக் காண்கின்றன. ஃபிரைசிங் நகரத்து ஆயரான புனித கோர்பினியான் எட்டாம் நூற்றாண்டில் ரோமுக்குச் செல்லும் வழியில், அவருடைய பொதி விலங்கைக் கரடி ஒன்று கொன்றுவிட்டது. அவர் அந்தப் பொதியைக் கரடியின் முதுகிலேயே ஏற்றி ரோம் வரை சுமக்கச் செய்து, சேர்ந்ததும் விடுவித்தார் என்பது தொன்மம். பதினாறாம் பெனடிக்ட் திருத்தந்தையின் இலச்சினையில் பொதி சுமந்து நிற்பது அந்தக் கரடியே. ஈடு பெறப்பட்டது, பகை வைக்கப்படவில்லை. இழப்பு யார் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்ற பிட்டோலா நீதிமன்றத்தின் சிக்கலுக்கு இதைவிட அழகிய தீர்வு இல்லை, தொன்மத்துக்கு வெளியே அது கிடைக்காது என்ற ஒரே குறையைத் தவிர.

ரஷ்யாவின் ரதோனெஷ் ஊரைச் சேர்ந்த புனித செர்கியுஸின் வரலாறு இன்னும் நெருங்கியது, ஏனெனில் அது காட்டுக் குடிலில் தனித்து வாழ்ந்த ஒருவரைப் பற்றியது. பதினான்காம் நூற்றாண்டில் மாஸ்கோவுக்கு வடக்கேயுள்ள காட்டில் அவர் குடிலமைத்துத் தவம் செய்தபோது கரடி ஒன்று வந்தது. அது தீங்கு செய்யவன்று, உணவுக்காகவே வருகிறது என்று கண்ட அவர், தம் ரொட்டியில் ஒரு பங்கை மரக்கட்டையின் மேல் வைக்கலானார். ஒரே துண்டு மிஞ்சிய நாள்களில் சில வேளை அதையும் கரடிக்கே கொடுத்துத் தாம் பட்டினி கிடந்தார் என்று அவர் வரலாற்றை எழுதிய சீடர் எபிஃபானியுஸ் கூறுகிறார். ஏதேன் தோட்டத்தில் மனிதருக்கும் விலங்குக்கும் இருந்ததாக நம்பப்படும் நட்பு, தூய்மை அடைந்த ஒருவரைச் சுற்றி மீண்டும் அரும்புகிறது என்பதே இதற்குக் கிழக்குத் திருச்சபை தரும் விளக்கம்.

இன்றைய அலாஸ்காவில் செர்கியுஸ் செய்தது குற்றம். கரடிக்கு வேண்டுமென்றே உணவளிப்பதையும், கவனக்குறைவால் உணவோ குப்பையோ கிடக்கவிட்டு அதை ஈர்ப்பதையும் அம்மாநில விதிகள் தடுக்கின்றன. காரணம் எளியது. மனித உணவின் சுவையைக் கண்ட கரடி அதையே தேடி வருகிறது. தாய்க் கரடி வரும் இடத்துக்குக் குட்டிகளும் வந்து கற்றுக்கொள்கின்றன. அச்சம் குறைந்து அவை மனிதரை நெருங்கும்போது முடிவில் துப்பாக்கியே பேசுகிறது. புனிதரின் ரொட்டிக்கான விலையை அடுத்து வரும் குடிலின் கதவு செலுத்துகிறது, அதன்பின் கரடி தன் உயிரால் செலுத்துகிறது. பசித்த உயிருக்குச் சோறிடுவதை அறங்களில் தலையாயதாகக் கருதும் எந்தச் சமூகத்துக்கும் இது கசப்பான செய்தி. அன்னதானத்தில் ஊறிய தமிழ் மனத்துக்கு மேலும் கசப்பானது. ஆனால் நீலகிரியில் இச்சிக்கல் அயலானது அன்று. குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் தேயிலைத் தோட்டங்களை ஒட்டிய சிறு கோயில்களின் கதவைக் கரடிகள் உடைத்துப் புகுந்து விளக்கு எண்ணெயையும் நெய்யையும் நக்கிச் செல்வதும், சத்துணவுக் கூடங்களையும் ரேஷன் கடைகளையும் பதம் பார்ப்பதும் அடிக்கடி செய்தியாகின்றன. இறைவனுக்கு ஏற்றிய விளக்கின் எண்ணெயை ஒரு பசித்த உயிர் குடித்தது என்றால், பக்திமான் அதில் குறை காண மாட்டார். திருவருள் என்றே சொல்லக்கூடும். ஆனால் இரவில் அகலை நிறைத்து வைத்துவிட்டுப் போகும் அந்தப் பக்தி, மறுநாள் அதிகாலை கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்ணின் வழியில் கரடியை நிறுத்துகிறது.

ஆகவே இவ்வினாவின் மையத்தில் நிற்பது, ஈகைக்கு எதிர்த்திசையில் செல்லும் ஓர் அறம் எனலாம். கொடுக்காதிருத்தல் இங்கே கருமித்தனம் அன்று. எதிர்ப்படும் உயிர் தன் இயல்பில் நீடிக்க வேண்டும் என்ற அக்கறையின் கடினமான வடிவம் அது. ஈகையில் கொடுப்பவருக்கு உடனடி மகிழ்ச்சி உண்டு, பெறுபவரின் முகம் தெரியும். கொடாமையிலோ எவரும் நன்றி சொல்வதில்லை. வராத கரடியை யாரும் காண்பதும் இல்லை. அதன் நடைமுறை வடிவங்கள் அனைத்தும் சலிப்பூட்டுபவை: பருவம் முடிந்து குடிலைப் பூட்டுமுன் கடைசி மாவுப்பொட்டலம் வரை திருப்பி எடுத்துச் செல்லுதல், அடுப்பின் கொழுப்புக் கறையைச் சுரண்டிக் கழுவுதல், ஜன்னல்களுக்குக் கனத்த பலகைக் காப்பு பூட்டுதல், வாசலில் ஆணிமுனைகள் மேல்நோக்கிய பலகைகளை விரித்தல், சூரிய மின்னால் இயங்கும் வேலியை நிறுவுதல். அலாஸ்காவின் பழைய குடில்களுக்கு அருகே இன்றும் காணப்படும் உயர்ந்த பரண், இவ்வறத்தின் கட்டட வடிவம் என்று கொள்ளத்தக்கது. நான்கு நெடிய கால்களின் மேல் சிறு மரப்பெட்டி போல நிற்கும் அதில் உணவு வைக்கப்படும். கரடி ஏற முடியாதபடி கால்களைச் சுற்றி வழவழப்பான தகரம் அறையப்பட்டிருக்கும். ஏணி தனியே எடுத்து வைக்கப்படும். அந்த ஏணியை ஒரு நாள் மறந்து சாய்த்துவிட்டுப் போனால் தகரமும் உயரமும் பயனற்றவை.

இதற்கு எதிராகக் கடுமையான மறுப்பு ஒன்று எழுப்பப்படலாம். கரடியின் நிலத்தில் பொழுதுபோக்குக்காக ஒரு குடிலைக் கட்டுவதே முதல் தவறு எனில், அதைச் சுற்றி எத்தனை வேலி போட்டாலும் தவறு தவறுதானே என்பர். இம்மறுப்பில் உண்மை உண்டு. விதி சொல்லும் 'நியாயமற்ற ஊடுருவல்' எங்கே தொடங்குகிறது என்பதை எந்த அளவுகோலும் காட்டுவதில்லை. எனினும் மனிதர் அங்கே இருப்பதே தவறு என்னும் முடிவு, அந்நிலத்தை ஆளற்ற காடாகக் கற்பனை செய்வோரின் முடிவு. கொயுகோன் மக்களின் முன்னோர் நெடுங்காலமாக அதே ஆற்றங்கரைகளில் உணவைச் சேமித்து, கரடிகளுக்கு நடுவே வாழ்ந்திருக்கின்றனர். மனிதர் இருப்பதும் தவறன்று, கரடி வருவதும் தவறன்று. இருப்பின் விதமே ஆராயப்பட வேண்டியது. வார இறுதிக்கு வந்து போகும் குடும்பம், ஆண்டு முழுதும் வாழ்ந்தவரின் கவனத்தை இரண்டு நாள்களுக்குள் கைக்கொள்ள வேண்டியிருப்பதே அதன் தனிச்சுமை.

இதனினும் கடினமான ஓர் இக்கட்டு எஞ்சுகிறது. கவனமுள்ள ஒருவர் எல்லாவற்றையும் முறைப்படி செய்திருக்கிறார்; ஆற்றின் மேற்புறம் சில மைல் தொலைவில், வேறொருவர் ஒரு மூட்டை மாவையும் நாய் உணவையும் தம் குடிலில் விட்டுச் சென்றிருக்கிறார். அங்கே கற்றுக்கொண்ட கரடி, உணவே இல்லாத இந்தக் குடிலின் கதவையும் உடைக்கிறது; குடும்பம் உள்ளே இருக்கும்போது உடைக்கிறது; சுடப்படுகிறது. அரசின் விதி சுட்டவரின் நடத்தையை ஆராய்ந்து அவரை விடுவிக்கும், அது சரியே. குற்றம் சாட்டத் தனியொருவரைத் தேடும் முறைகளுக்கு இதற்கு அப்பால் செல்ல வழியில்லை. கொயுகோன் மரபில் விலக்கை மீறியவரின் தீப்பேறு அவரோடு நின்றுவிடாமல் அவர் குடும்பத்தையும் தொடக்கூடும் என்பதால், ஒருவரின் கவனக்குறைவு அனைவரின் கவலையாக இருந்தது. அங்கே அண்டை வீட்டாரின் உணவு மூட்டையைப் பற்றிப் பேசுவதற்கு மற்றவருக்கு உரிமையும் கடமையும் இருந்திருக்கும். சொத்துரிமையை வேலியாகக் கொண்ட புதிய குடிலுரிமையாளர்களிடையே அந்தப் பேச்சு எளிதன்று. தோலை ஒப்படைத்து 15 நாள்களுக்குள் அறிக்கை எழுத அமருபவர், தாம் முயன்ற வழிகள் ஒவ்வொன்றையும் உண்மையாகவே எழுத முடியும். அந்தக் கரடிக்கு முதன்முதலில் மாவின் சுவையைக் காட்டியவர் யார் என்பதை அவர் பெரும்பாலும் அறிவதில்லை.